டெமோ வெளிய போயிருச்சு, ஆடுறவங்க கையில இருக்கறது எந்த வெர்ஷன்? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மரப்பாச்சி:
இது ரொம்ப நாளா மனசுல கிடக்கு, அதான் எழுதுறேன். நானும் ஃப்ரெண்டும் கோடாட்ங்கற கேம் என்ஜின்ல பண்ண 2டி கேம், கேம் போடற இட்ச் சைட்ல டெமோ போட்டோம், அதுக்கு முன்னாடியே டெஸ்ட்டுக்குனு ஒரு ஜிப் வாட்ஸப்ல போயிருந்துச்சு, அது எங்கெங்க ஃபார்வர்ட் ஆச்சுனு யாருக்குத் தெரியும். தென்காசி பக்கத்துல இருந்து ஒரு ஸ்கூல் பையன், ஆடுறத ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருந்தான். பாத்தா நாங்க எடுத்துட்ட கிணறு! கேமரா கீழ வரைக்கும் சரியா இறங்கலனு டெமோவுல அந்த லெவலையே தூக்கிட்டோம். இவன் அந்தக் கயித்துல இருந்து சுவத்துல கால வெச்சு, எகிறி மோட்டார் திண்டுல போய் நிக்கிறான், நாங்க யோசிக்கவே யோசிக்காத இடம் அது. நின்னுட்டு ஒண்ணுமே பண்ணல. தண்ணி சத்தம் மட்டும் ஓடுது, வீடியோ அப்படியே போயிட்டே இருக்கு. கீழ எழுதியிருக்கான்: "அண்ணே, புதுசுல கிணத்தக் காணமே, ஏம்ணே எடுத்துட்டிய? பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான் அங்கனதான் இருப்பேன்."

திரும்ப வைக்கலாம்னு, கோட் மாத்துறத எல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட் (Git) டூல்ல பழைய கமிட், அதாவது அப்பப்ப சேமிச்ச நிலை, எல்லாம் தோண்டுனோம். கிணறு கிடைச்சுது, ஆனா அந்தத் தாவல் வரல. நடுவுல கிராவிட்டி, ஜம்ப் வேகம் எல்லாம் பல தடவ மாறியிருக்கு, அந்த ஜிப் எந்த கமிட்ல இருந்து எடுத்ததுனு அதுக்குள்ள ஒரு அடையாளமும் இல்ல, டைட்டில் ஸ்க்ரீன்ல நம்பரும் இல்ல. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்றதுனு இன்னும் தெரியல. இந்த மாதிரி யாருக்காச்சும் நடந்திருக்கா?

ஓலைச்சுவடி:
எனக்கு நடந்தது வேற மாதிரி. என் டெமோ முழுக்கத் தமிழ் வசனம், அதனால ஸ்கூல்ல எனக்குத் தமிழ் எடுத்த ஐயாவுக்குத்தான் முதல்ல பென்டிரைவ்ல குடுத்தேன். திறந்தாரு, முதல் வசனப் பெட்டியிலயே நின்னுட்டாரு. "கொடி"ல இருக்க ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் தனியா நிக்குது, கூடவே ஒரு புள்ளி வட்டம். அப்ப நான் வெச்சிருந்த என்ஜின் எழுத்த ஒண்ணொண்ணா வரிசையா அடுக்கும், நம்ம எழுத்துல கொம்பு முன்னாடி வரணும்னு அதுக்குத் தெரியாது. ஐயா கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, "தம்பி, இதைத் திருத்தாம வேற யாருக்கும் குடுத்துடாதப்பா"னாரு.

கோடாட் 4க்கு மாத்தினேன், அதுல எழுத்தச் சரியா கோக்கற ஹார்ஃப்பஸ் இருக்கறதால தமிழ் ஒழுங்கா வருது. புது பில்டும், அதாவது ஆட ரெடியான கேம் ஃபைலும், ஏத்திட்டேன். ஆனா ஐயா கம்ப்யூட்டர்ல டெஸ்க்டாப்புல இருக்கறது அந்தப் பழைய ஃபோல்டர்தானே. ராத்திரி போன் வரும், "தம்பி, இன்னும் கொம்பு பின்னாடியேதான் நிக்குது." மாத்திட்டேன் ஐயானு சொல்றேன், அவரு "நான் இப்போ பாத்துக்கிட்டுதானே பேசுறேன்"ங்கிறாரு. அவரு பாக்கறதும் நிஜம், நான் சொல்றதும் நிஜம். அந்த போன் கால்தான் மறக்கவே மாட்டேங்குது. கடைசில ப்ரவுசர்ல ஓடுற பில்டா போட்டு லிங்க் அனுப்பிட்டேன், இனிமே எப்பத் தொறந்தாலும் புதுசுதான். மரப்பாச்சி, நீங்களும் ஜிப்ப நிறுத்திட்டு ப்ரவுசருக்குப் போயிருங்க, பிரச்சன முடிஞ்சுது.

கோடாங்கி:
எங்கிட்ட பெரிய கதை இல்ல, ஒரு பொண்ணு "மூணாவது கதவு திறக்கல"னு பக் சொன்னாங்க, எந்த வெர்ஷன்னு கேட்டா "நீங்க குடுத்ததுதான்"னாங்க, அவ்ளோதான், அந்தக் கதவு எந்த பில்டுலயும் எனக்கு மூடி நின்னதே இல்ல, இன்னும் புரியல.

ஆனா மரப்பாச்சிக்குச் சில விஷயம் சொல்லியே ஆகணும். டைட்டில் ஸ்க்ரீன் ஓரத்துல வெர்ஷன் நம்பர் கண்டிப்பா இருக்கணும், சின்ன எழுத்துல இருந்தாலும் பரவால்ல, ஸ்க்ரீன்ஷாட்ல தெரிஞ்சா போதும். கோடாட் 4ல ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல வெர்ஷனுக்குனே ஒரு இடம் இருக்கு, அத கோட்ல இருந்து படிச்சு லேபிள்ல காட்டுங்க, கையால ரெண்டு இடத்துல எழுதாதீங்க. வெளிய போற ஒவ்வொரு பில்டுக்கும், வாட்ஸப்புக்குப் போறதா இருந்தாலும், கிட்ல ஒரு டேக் (அந்த கமிட்டுக்கு ஒரு பேர்) போட்டுட்டு அந்த டேக்ல இருந்து மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணுங்க. டேக் பேரும் ஸ்க்ரீன்ல தெரியற நம்பரும் ஒண்ணா இருந்தா அந்தப் பையன் வீடியோவப் பாத்ததுமே நேரா அந்த கமிட்டுக்குப் போயிருப்பீங்க. இட்ச்ல ஏத்துறதுக்கு பட்லர்னு ஒரு கமாண்ட்லைன் டூல் இருக்கு, யூசர்வெர்ஷன்னு குடுத்தா அந்த நம்பரோடயே ஏறும், முழுசா ஏத்தாம மாறுன பகுதிய மட்டும் அனுப்பும், நம்மூர் அப்லோட் ஸ்பீடுக்கு அது பெரிய உதவி.

கிட்ல எது போகணும் எது போகக்கூடாதுங்கறதும் முக்கியம். கோடாட் 4னா அந்தப் புள்ளி வெச்ச கோடாட் (.godot) ஃபோல்டர் போகக்கூடாது, இம்போர்ட் ஃபைல்கள் போகணும். யூனிட்டி என்ஜின்னா லைப்ரரி ஃபோல்டர் வேண்டாம், மெட்டா ஃபைல் கட்டாயம், மெட்டா விட்டுப்போனா அடுத்தவங்க மெஷின்ல படமெல்லாம் கழண்டு நிக்கும். கிட்ஹப்ல ஒரு ஃபைல் 100 எம்பி தாண்டுனா புஷ் ஆகாது, பெரிய மியூசிக், ஃபோட்டோஷாப் பிஎஸ்டி எல்லாம் பெரிய ஃபைலுக்குனே இருக்க கிட் எல்எஃப்எஸ்ல வைங்க.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. டூம்ங்கற பழைய கேம் 1993 டிசம்பர்ல ஷேர்வேரா (முதல் பகுதி இலவசம்) வந்துச்சு, அதுல ஆட்டத்த ரெக்கார்ட் பண்ற டெமோ ஃபைல் இருக்குல்ல, 1.4 வெர்ஷன்ல இருந்து அதோட முதல் பைட்டே வெர்ஷன் நம்பர்தான். வேற வெர்ஷன்ல ஓட்டுனா ஒத்துக்காது. ரெக்கார்ட் ஆகறது கீ அழுத்தறது மட்டும்தான், கேம்ல ஒரு சின்னக் கணக்கு மாறுனாலும் அதே கீ வேற இடத்துல கொண்டு போய் விட்டுடும். மரப்பாச்சி சொன்ன அந்தத் தாவல் வரமாட்டேங்குதே, அதுக்கும் இதே காரணம்தான்.

நெய்தல்:
@ஓலைச்சுவடி ப்ரவுசருக்குப் போனா பிரச்சன முடிஞ்சுதுனு எப்படிச் சொல்றீங்க? ஐயா வீட்ல நெட் இருக்கு, சரி. என் கேம ஆடுறவங்க பாதிப் பேருக்கு டேட்டா சாயங்காலமே தீந்துரும், போன்ல 3 ஜிபி ராம், ப்ரவுசர் பில்ட் பாதி லோட் ஆகறதுக்குள்ள டேப் தானா ரீலோட் ஆகுது. கோடாட் 4ல, 4.3 வரதுக்கு முன்னாடி, அதாவது 2024 ஆகஸ்ட் வரைக்கும், வெப் எக்ஸ்போர்ட்டுக்கு த்ரெட் (ஒரே நேரத்துல பல வேலை ஓட்டுறது) கட்டாயம், இட்ச்ல அதுக்கான ஷேர்ட்அரேபஃபர் ஆப்ஷன் போட்டாதான் ஓடும், சில போன்ல அப்பவும் ஓடாது. ஜிப் ஒரு தடவ வாங்கிட்டா வாங்குனதுதான், பஸ்ல போகும்போதும் ஆடலாம்.

அத விட முக்கியம், லிங்க்ல எப்பவும் புதுசு மட்டும்தான்னா அந்தப் பையனோட கிணறு அவன் கையில இருந்தும் போயிருக்கும். எனக்கு நடந்ததச் சொல்றேன். டெமோவுக்கு ஒர்க்கிங் டைட்டில் ஒண்ணு இருந்துச்சு, நிஜப் பேர் முடிவானதும் ப்ராஜெக்ட் பேர மாத்தி ஏத்தினோம். கோடாட்ல சேவ் ஃபைல் வழக்கமா ப்ராஜெக்ட் பேர்ல இருக்க ஃபோல்டர்லதான் உக்காரும். பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு, ஆட்டத்துல தான் வளத்த ஆட்டுக்குட்டிக்குப் பேரெல்லாம் வெச்சிருந்தா, புது வெர்ஷன் தொறந்ததும் குட்டி இல்ல. "அக்கா, மீனா செத்துட்டாளா?"னு ஒரே வரி மெசேஜ். நான் ஆபீஸ் லிஃப்ட்ல நின்னு அதப் படிச்சேன். சேவ் அவ கம்ப்யூட்டர்லயேதான் இருக்கு, பழைய ஃபோல்டர்ல. வீடியோ கால் போட்டு, ரன்னுல ஆப்டேட்டா அடிக்கச் சொல்லி, கோடாட் ஃபோல்டருக்குள்ள போய், ஃபைல காப்பி பண்ணி புதுசுல போட வெச்சேன். கேம் தொறந்து மீனா வந்ததும் அவ எங்கிட்ட ஒண்ணுமே பேசல, அவங்க அம்மாவக் கூப்பிட ஓடிட்டா.

அதனால என் கருத்து, பழைய பில்ட் ஆடுறவங்களோடது, நம்மளோடது இல்ல. மைன்கிராஃப்ட் முதல்ல வெளிய வந்தது 2009ல, இன்னைக்கும் அதோட லாஞ்சர்லயே பழைய ஆல்ஃபா, பீட்டா எடுத்து ஆடலாம். அவ்ளோ பெரிய கேமே வெச்சிருக்கும்போது நாம எதுக்கு அழிக்கணும்?

தாயக்கட்டை:
ஆண்ட்ராய்டு கதைய யாரும் சொல்லலயே. எங்க ஊர் திருவிழாவுக்கு எல்லாரும் வந்திருந்தாங்க, சித்தி பசங்க எல்லார் போன்லயும் என் ஏபிகே, அதான் ஆண்ட்ராய்டு இன்ஸ்டால் ஃபைல். மறுநாள் புது ஏபிகே அனுப்புனா ஒருத்தனுக்கும் இன்ஸ்டால் ஆகல. முதல் பில்ட் ஃப்ரெண்டு லேப்டாப்ல அவனோட டீபக் கீல (டெஸ்ட்டுக்கான கையெழுத்துச் சாவி) போட்டது, இது என் லேப்டாப்ல இருந்து. கையெழுத்து வேறனா பழசு மேல புதுச ஏத்த விடாது, அன்இன்ஸ்டால் பண்ணித்தான் ஆகணும், பண்ணுனா சேவ் காலி. சின்னவன் மட்டும் அழிக்கவே மாட்டேன்னு போன கால்சட்டப் பையில வெச்சு அமுக்கிப் புடிச்சுக்கிட்டான், தேர் நிலைக்கு வர வரைக்கும் கையவே எடுக்கல.

முதல் நாள்லயே அந்தச் சாவிய வைக்கிற ஃபைல், அதாவது கீஸ்டோர், ஒண்ணே ஒண்ணு உண்டாக்கி, டீம்ல எல்லாரும் அதுலயே சைன் பண்ணுங்க, கிட்ல போடாம தனியா பத்திரமா வைங்க. ஒவ்வொரு பில்டுக்கும் வெர்ஷன் கோட்ங்கற நம்பர ஏத்திக்கிட்டே போங்க. பின்னாடி ப்ளே ஸ்டோருக்குப் போறதா இருந்தா, 2023 நவம்பருக்கு அப்புறம் தொடங்குன தனிநபர் அக்கவுண்ட்டுக்கு 12 பேர் 14 நாள் தொடர்ந்து டெஸ்ட்டர்களா இருக்கணும், சொந்தக்காரங்கள இப்பவே பழக்கி வெச்சுக்கோங்க.

ஓலைச்சுவடி:
@நெய்தல் டேட்டா விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா பழச எல்லாம் பேஜ்லயே வெச்சா புதுசா வரவங்க எத எடுப்பாங்க? லிஸ்ட்ல கைக்கு முதல்ல கிடைக்கறதத்தான் எடுப்பாங்க. கொம்பு தப்பா நிக்கிற பில்ட ஒரு புள்ள பாத்து, தமிழ் கேம்னாலே இப்படித்தான்னு நெனச்சுட்டா? அதுல எனக்கு சமாதானம் கிடையாது.

கோடாங்கி:
ரெண்டு பேரும் சண்ட போடவே வேணாம். இட்ச்ல ஃபைல அழிக்காம மறைச்சு மட்டும் வைக்கலாம், எடிட் பேஜ்ல அதுக்கு டிக் இருக்கு. ஓலைச்சுவடி மறைச்சு வைங்க. நெய்தல், உங்களுக்குன்னா பேர்லயே "பழையது"னு நம்பரோட போட்டு கடைசி வரிசையில விடுங்க.

@மரப்பாச்சி அந்தப் பையன்கிட்ட ஜிப் இன்னும் இருக்கும்ல? அதையே திருப்பி அனுப்பச் சொல்லுங்க. ஸ்க்ரிப்ட்ட என்க்ரிப்ட் பண்ணாம (பூட்டாம) எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா கேம் டேட்டா எல்லாம் இருக்க பிசிகே ஃபைல பிரிச்சு உள்ள இருக்க கிராவிட்டி, ஜம்ப் நம்பர எல்லாம் படிச்சுடலாம், அதுக்கு டூல் இருக்கு.

மரப்பாச்சி:
என்க்ரிப்ட் பண்ணல. இப்பவே அவனுக்கு மெசேஜ் போடுறேன்.