ரேஷன் எல்லாருக்குமா, ஏழைங்களுக்கு மட்டுமா? எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு ஹெல்ப் வேணும்

மதுரைப்பொண்ணு:
எம்.ஏ. எகனாமிக்ஸ் படிக்கிறேன். 1997ல மத்திய அரசு ரேஷன வறுமைக்கோட்டுக்கு மேல, கீழன்னு பிரிச்சப்போ தமிழ்நாடு பிரிக்காம எல்லாருக்கும்னே வச்சுகிச்சுல்ல, அத ஏற்றத்தாழ்வோட சேத்து பண்ணலாம்னு இருக்கேன். வசதியானவங்களுக்கும் அரிசி குடுக்கறது வீண்தானேன்னு கைடு கேக்குறார். டேட்டாவும் எங்க கிடைக்கும்னு சொல்லுங்க.

குமரன்:
வீண் இல்லம்மா. பொருளாதார அறிஞர்கள் ழான் டிரேஸ், ரீதிகா கேரா ரேஷனப் பத்தி எழுதுனத மொதல்ல படி. ஏழைங்க யாருன்னு பட்டியல் போட்டாலே ரெண்டு தப்பு வரும், வசதியானவன் உள்ள வர்றது ஒண்ணு, ஏழை வெளிய நிக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் கொடுமை, அந்த வீட்டுல அடுப்பு எரியாது. நம்மூர்ல வசதியானவங்க பலபேர் அரிசியே வாங்கறதில்ல, அரிசிக்குப் பதிலா சர்க்கரை வாங்கற சர்க்கரை கார்டுன்னே தனியா இருக்கு, அதையும் கணக்குல சேரு.

செல்வி அக்கா:
மகளிர் உரிமைத் தொகையோட ஒப்பிட்டுப் பாரு தங்கம். 2023ல ஆரம்பிச்சப்போ வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள, நஞ்சை 5 ஏக்கருக்குள்ள, கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ளன்னு கண்டிஷன் போட்டாங்க. ஒரே மீட்டர்ல மூணு குடும்பம் இருந்தா யூனிட் ஏறத்தானே செய்யும், அவங்க என்ன பணக்காரங்களா? பேப்பர்ல அளவுகோல் போடறவங்க இந்த மாதிரி வீட்டுக்குள்ள ஒருதடவ போய் பாக்கணும்.

ரவி:
டேட்டாவுக்கு 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு சர்வே எடுங்க, யூனிட் லெவல் டேட்டா, அதாவது ஒவ்வொரு குடும்பத்தோட தனித்தனி டேட்டா, ஃப்ரீயா கிடைக்கும், இலவசமா வாங்குன அரிசியையும் அதுல கேட்டிருக்காங்க. அதே குடும்பங்கள திரும்பப் பாக்கணும்னா அமெரிக்காவோட மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியில இருக்கற என்சிஏஇஆர் ஆராய்ச்சி நிறுவனமும் 2004-05, 2011-12ல பண்ண ஐஹெச்டிஎஸ் (IHDS) சர்வே இருக்கு.

மதுரைப்பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மீட்டர் விஷயத்த எங்க ஏரியாவுலயே விசாரிச்சுட்டு வர்றேன் அக்கா.