பத்து நாள் வெப்ப அலை என்று காட்டுகிறது, எவ்வளவு நம்பலாம்?

மேல்தளத்தான்:
வணக்கம். நான் பார்க்கும் வானிலைச் செயலியில் வருகிற வியாழனிலிருந்து பத்து நாளும் 41, 42 என்றே நிற்கிறது. ஒன்பதாம் நாளுக்கு நேற்று 44 போட்டிருந்தது, இன்று காலை பார்த்தால் அதே நாளுக்கு 39, இப்போது மறுபடி 42. இப்படி ஆடுகிற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அம்மாவுக்கு 76 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், நாங்கள் இருப்பது மேல்தளம். தங்கை வீடு தரைத்தளம், ஒரு வாரம் அங்கே அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவோ "நான் பார்க்காத வெயிலா" என்கிறார். எதை நம்புவது, எதை விடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காற்றழுத்தம்:
ஒன்பதாம் நாளின் 44-ஐயும் விடுங்கள், 39-ஐயும் விடுங்கள். பல செயலிகள், வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரியின் ஒரே ஓட்டத்தை எடுத்து எண்ணாகப் போட்டுவிடும், அதனால்தான் இந்த ஆட்டம். ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் போன்ற இடங்களில் தொடக்க நிலையை இம்மி இம்மியாக மாற்றி 50 முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு வாரத்துக்கு அப்பால் அந்த 50-இல் எத்தனை ஒரே பக்கம் சாய்கின்றன என்பதுதான் தகவல். 40 ஓட்டங்கள் வழக்கத்தைவிட நல்ல சூடு என்றால் சூடு வரும் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த நாளில் எத்தனை டிகிரி என்று அதில் தேடக்கூடாது.

நீண்ட அலைக்கு ஒரு பெரிய காரணம், நகராமல் உட்கார்ந்துவிடும் உயர் அழுத்தம். அதற்குள் காற்று மேலிருந்து கீழே இறங்கும், இறங்க இறங்க அமுங்கிச் சூடாகும், ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி. மேகமும் கட்டாது. இதோடு மண் ஏற்கெனவே காய்ந்திருந்தால் கதை கெட்டது: ஈரமான மண் என்றால் வெயிலின் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகும், காய்ந்த மண்ணில் அந்தப் பங்கும் காற்றைச் சூடாக்கத்தான் போகும். 2003-இல் ஐரோப்பாவில் அப்படித்தான் ஆனது. வசந்தத்திலேயே மழை பொய்த்திருந்தது, அந்தக் கோடையில் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகக் கணக்கு. அதனால் உங்கள் பகுதியில் கடந்த இரண்டு மாதம் மழை எப்படி என்று பாருங்கள், அதுவும் முன்னறிவிப்பில் பாதி.

இன்னொன்று. அலை முடியும் நாளைக் கணிப்பது கடினம். உட்கார்ந்த அழுத்தம் எப்போது எழுந்து போகும் என்பதில் மாதிரிகள் அடிக்கடி சறுக்கும். "அடுத்த சனிக்கிழமை குறைந்துவிடும்" என்று காட்டினால் அதை நம்பி அம்மாவைத் திரும்பக் கூட்டிவராதீர்கள். அப்புறம், பகல் உச்சத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், நீங்கள் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பாருங்கள்.

வார்டு இரவு:
மேலே சொன்ன கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், முதல் நாள் வெயிலில் பெரும்பாலும் வெளியே உழைப்பவர்கள் வருவார்கள். மூன்றாம், நான்காம் நாளில்தான் வீட்டுக்குள்ளேயே இருந்த முதியவர்கள் வரத் தொடங்குவார்கள். இரவில் உடல் ஆற வாய்ப்பே கிடைக்காமல் இதயம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். 2021 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த அலையை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி பதிவானது, அந்த எண்தான் செய்தியானது. மாகாணத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர், அவர்களில் 98 சதவீதம் பேர் கட்டடத்துக்குள் இருந்தவர்கள், பாதிக்கு மேல் தனியாக வசித்தவர்கள். வெளியே போகாமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பிரஷர் மாத்திரையில் சிறுநீர் அதிகம் போகவைக்கும் வகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். பேச்சு குழறினால், இருக்கும் இடம் தெரியாமல் பேசினால், நடை தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றிருக்கவேண்டும் என்று காத்திருக்காதீர்கள், வியர்த்துக்கொண்டே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வெயில்பழக்கம்:
சும்மா பயமுறுத்துகிறீர்கள். 42 எல்லாம் வருடா வருடம் வருவதுதான், உடம்பு பழகிக்கொள்ளும். மின்விசிறி போட்டால் ஆயிற்று.

காற்றழுத்தம்:
பழகும்தான், ஆனால் அதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும், 76 வயதில் அவ்வளவாகப் பழகவும் செய்யாது. பருவத்தின் முதல் அலை மோசமாக அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மின்விசிறி குளிரூட்டுவதில்லை, இருக்கிற காற்றைத்தான் தள்ளுகிறது. அறைக்குள் 40-ஐத் தாண்டிவிட்டால் அது உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார அமைப்பே எச்சரிக்கிறது. ஈரப்பதம் கூடினால் கணக்கு இன்னும் மாறும், வியர்வை ஆவியாகாவிட்டால் 36 டிகிரியே தாங்காது. செயலி காட்டும் எண் நிழலில் அளந்தது என்பதையும் மறக்கவேண்டாம். சரி, மின்சாரம் போனால் விசிறியும் இல்லை. நீண்ட அலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிரூட்டியைப் போடுவதால் மின்வெட்டு வருவது வழக்கம்தான்.

வெயில்பழக்கம்:
விசிறி விஷயம் தெரியாது. மின்வெட்டு பற்றிச் சொன்னது சரி.

மேல்தளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஒரு வெப்பமானியை அம்மாவின் கட்டில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் வெளியே 28 என்கிறது செயலி, அறைக்குள் 33. அலை இன்னும் தொடங்கவே இல்லை! காலையில் எண்ணைச் சொன்னேன், அம்மா காதிலேயே வாங்கவில்லை. இன்று இரவு பதினொரு மணிக்கு அவர் கையைப் பிடித்து மேற்குச் சுவரில் வைத்தேன். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை, அப்புறம் "அடுப்புப் பக்கம் மாதிரி இருக்கே" என்றார். புதன்கிழமையே கிளம்புகிறோம். ஒன்று மட்டும் கேட்கவேண்டும், மாத்திரைகளை ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமா?

வார்டு இரவு:
வேண்டாம், எல்லா மாத்திரைக்கும் ஃபிரிட்ஜ் ஆகாது. அட்டையிலோ பெட்டியிலோ எத்தனை டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டும் என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 25 அல்லது 30. தங்கை வீட்டில் வெயில் படாத உள்ளறை அலமாரியில் வையுங்கள். போகும் வழியில் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.