ராத்திரி ஊறவிடாமல் அன்றைக்கே பிரெட் சுடலாமா?

அக்காமாரே, சேச்சிமாரே, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அரை கிலோ மைதாவுக்கு அரை டீஸ்பூன் ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துத்தான் பிரெட் சுடுவேன். குளிரில் மெதுவாகப் புளிப்பதால் லேசான புளிப்பும் நல்ல வாசனையும் வரும். அறுத்தால் உள்ளே சிறுசும் பெருசுமாக ஓட்டைகள், மேல்தோல் மொறுமொறு. அந்த ருசியை விட எனக்கு மனசில்லை.

ஆனால் ஞாயிறு மதியம் அத்தை வருகிறார். சனிக்கிழமை இரவு பிசைய நேரமே கிடைக்காது. இங்கே மேடம் மாச (நம்ம சித்திரை) வெயிலில், வெளியே வைத்த மாவு சீக்கிரமே பொங்கிவிடும். ஈஸ்டைக் கூட்டினால் மாவு உப்பிவிடும், சரி, ருசி? விடிகாலையில் பாதி மாவை மட்டும் தண்ணீரும் துளி ஈஸ்டும் விட்டுக் கரைத்துப் புளிக்க வைத்து, அப்புறம் மீதியைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மணி நேரம் விட்டீர்கள்?