ரிக்ரஸிவ் டாக்ஸ்: தமிழ்ல என்ன போடலாம்? (வியாழனுக்குள்ள வேணும்)

வணக்கம். செல்வ வரியைத் திரும்பக் கொண்டு வா, அந்தப் பணத்துல அரசு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆள் போடுன்னு துண்டறிக்கை அடிக்கிறோம். 1957ல வந்த வரி, 2015 பட்ஜெட்ல தூக்கிட்டாங்க. (சொத்து வரின்னு எழுதினா சனம் வீட்டு வரியைக் கூட்டப்போறோம்னு சண்டைக்கு வருது.) சிக்கல் வேற. ரிக்ரஸிவ் டாக்ஸ், அதாவது சம்பாத்தியம் குறையக் குறைய அதுல பெரிய பங்கைத் தின்னுற வரி, அதையும் எதிர்க்கிறோம். பாடப்புத்தகத்துல படிச்ச ஞாபகத்துல "தேய்வீத வரியை எதிர்ப்போம்"னு எழுதி டீக்கடைல ஒருத்தர்கிட்ட காட்டினேன், "வரி தேயுறது நல்லதுதானே தம்பி"ன்னுட்டார்.
– நோட்டீஸ்காரன்

தேய்வீதம் வினைத்தொகை, இலக்கணப்படி குத்தமில்ல. வீதம்தான் உறுத்துது. தேய்விழுக்காட்டு வரின்னு போடுங்க. வரியைவிட இறை நல்ல சொல், இறுக்கிறதால இறை. குறள்ல சுங்க வரிக்கு உல்குன்னே இருக்கு, அதுலருந்துதான் வடமொழிக்கு சுல்கம் போச்சு.
– தமிழ் வாத்தியார்

ஐயா, தலைகீழா சொல்றீங்க. சுல்கம்தான் உல்கு ஆச்சு, தமிழ் லெக்சிகன் அகராதியைப் பாருங்க. சுங்கமும் அதே குடும்பம். அது கிடக்கட்டும், முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன்னு பேர் வாங்கினான்ல, அதே ஆள்தான் 1086ல நிலத்தை அளக்க வச்சான். வியாபாரிக்குத் தள்ளுபடி, விவசாயிக்கு அளவுகோல்.
– கல்வெட்டுப் பித்தன்

வரின்னாலே சோழனைக் கூட்டிட்டு வந்துடுவீங்க, அடுத்தது புறநானூத்து யானை. நோட்டீஸ் படிக்கப்போறது பஸ்ஸ்டாண்டுல நிக்கிறவங்க. "தேய்விழுக்காட்டு இறை"ன்னா பெருமாளுக்கு ஏதோ ஆச்சுன்னு நினைப்பாங்க. விஷயம் இதுதான்: 10,000 சம்பாதிக்கிற வீட்டுல மாசம் 500 ரூவா ஜிஎஸ்டி போனா நூத்துக்கு 5, 10 லட்சம் சம்பாதிக்கிற வீட்டுல அதே 500 போனா நூத்துக்கு அஞ்சு பைசா. பெரிய வீட்டுல இன்னும் நாலு சாமான் வாங்குவாங்கதான், ஆனா சம்பாத்தியம் நூறு மடங்குன்னா சோப்பும் நூறு மடங்கா தேய்ப்பாங்க? சுமை கீழ இருக்கவன் தலைல. அதனால கீழ்ச்சுமை வரி. வசதி கூடக் கூட வீதமும் கூடுற ப்ராக்ரஸிவுக்கு மேற்சுமை வரி.
– கணக்குப்பிள்ளை

கீழ்ச்சுமை நல்லாருக்கு. மேற்சுமை வேணாம் தோழர், கூடுதல் பாரம்னு அர்த்தமாகுது. முற்போக்கு வரின்னா என்ன?
– சேலத்துக்காரி

கட்சி நிதின்னு நினைச்சு ஓடிருவான்.
– கணக்குப்பிள்ளை

நான் பிளஸ் டூவுக்குப் பொருளியல் எடுக்குறேன். புள்ளைங்க பரீட்சைல கீழ்ச்சுமைன்னு எழுதினா மார்க் போட மாட்டாங்க. டீக்கடைல ஒருத்தருக்குப் புரியலேன்னு புழக்கத்துல இருக்கிற சொல்லை மாத்துவீங்களா? பணவீக்கம்னு முதல்ல கேட்டப்ப யாருக்குப் புரிஞ்சுது? பழகணும்.
– வகுப்பறை

பழகுறதுக்கு வியாழக்கிழமை வரைதான் டைம் அக்கா.
– நோட்டீஸ்காரன்

சரி, கீழ்ச்சுமைன்னு சொல்லிருக்கீங்க, பாதி பேர் அலுத்துப்போய் சொன்ன மாதிரிதான் தெரியுது. தலைப்புல "கீழ்ச்சுமை வரியை எதிர்ப்போம்", உள்ள ஒரு தடவை தேய்வீத வரின்னும் போட்டாச்சு. ப்ராக்ரஸிவுக்கு சொல்லே போடல, "வசதிக்கு ஏத்த வரி"ன்னு விளக்கிட்டேன். பிரஸ்ல குடுத்துட்டேன்.
– நோட்டீஸ்காரன்

என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கோங்க.
– வகுப்பறை

உல்கு பத்தி லெக்சிகன் சொல்றதை நான் ஏத்துக்கல. விரிவா நாளைக்கு எழுதறேன்.
– தமிழ் வாத்தியார்