கூரை இல்லாத வேலி குரங்குக்கு ஏணி

தெலுக் பஹாங் வாசி:
நம்ம பினாங்கில் காய்கறித் தோட்டத்தைக் காக்க நீள்வால் குரங்குக்கு நைலான் வலை கட்டுவது காசுக்குக் கேடு. கடித்துக் கிழித்துவிடும். தளர்ந்து தொங்கும் வலையில் பாம்பும் பறவையும்தான் சிக்கிச் சாகும். நாலு பக்கமும் மேலேயும் மூடிய கம்பிக் கூண்டுதான் தாங்கும். 8 அடி நீளம், 4 அடி அகலம், ஆள் நிமிர்ந்து நிற்க 6 அடி உயரம். சட்டத்துக்கு ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய். பிவிசி குழாய் வேண்டாம்; வளர்ந்த ஆண் குரங்கு 5 கிலோவுக்கு மேல், கூரையில் குதித்தால் வளைந்துவிடும். துத்தநாகம் பூசிய அரை அங்குலக் கண் வலை வாங்குங்கள். ஒரு அங்குலக் கண் என்றால் எலிக்குத் திறந்த வாசல். இரண்டு வலை சேரும் இடத்தில் இரண்டு கண் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், நான்கு அங்குலத்துக்கு ஒரு கம்பிக் கட்டு. கேபிள் டை நம்ம வெயிலில் நொறுங்கிப்போகும்.

கதவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கொக்கி மாட்டினால் குரங்கு தூக்கித் திறந்துவிடும், அதுக்கும் விரல் இருக்கிறதே! சின்னப் பூட்டு போடுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி:
அண்ணன் சொன்னதில் அடிப்பக்கம் விட்டுப்போச்சு. மலையோர வீடுகளில் காட்டுப்பன்றி மூக்கால் நெம்பியே வேலியைத் தூக்கும். ஒரு அடி அகல வலையைக் கூண்டின் வெளிப்பக்கம் தரையோடு படுக்கவைத்து, இரண்டு அடிக்கு ஒரு முளை அடித்து, மேலே கல்லோ மண்ணோ போடுங்கள். தோண்டுகிற பிராணி கூண்டை ஒட்டித்தான் தோண்டும்; வலை காலில் தட்டும்.

தஞ்சோங் பூங்கா வாசி:
கூண்டுக்குள் பாகல் பூக்குது, பிஞ்சு மஞ்சளாகி உதிருது. என்ன காரணம்?

தெலுக் பஹாங் வாசி:
மகரந்தம் சேரவில்லை, தம்பி. அரை அங்குலக் கண்ணில் பெரிய கருவண்டு நுழையாது, சின்னத் தேனீயும் குறைவாகத்தான் வரும். காலை 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பீர்க்கு, புடலைக்குச் சாயங்காலம். அவை அந்தியில்தான் விரியும். காய் விரல் நீளம் வந்ததும் காகிதப் பை மாட்டுங்கள், பழ ஈயை இந்த வலை தடுக்காது.

ஆயர் ஈத்தாம் வாசி:
குரங்கை விரட்ட மிளகாய்க் கரைசல் தெளிக்கச் சொல்வார்கள். ஒரு மழைக்குத் தாங்காது. பறவைக்கோ காரமே உறைக்காது, சிலி பாடி என்கிற குட்டி மிளகாயைக் கொத்தித் தின்னும் கொண்டைக்குருவியைப் பார்த்தாலே தெரியும். ரப்பர் பாம்பும் சில நாள் கூத்துதான்.

விஷம் வைக்கவோ பொறி வைத்துப் பிடிக்கவோ வேண்டாம். நீள்வால் குரங்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. தொல்லை அதிகமானால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுங்கள்.

கூண்டுக்கு வெளியே பப்பாளி இருந்தால் மஞ்சள் கீற்று ஒன்று தெரிந்த அன்றே பறித்துவிடுங்கள், சமையலறையிலேயே பழுத்துவிடும். குப்பைத் தொட்டி மூடிக்கு ஒரு ரப்பர் பட்டையும் மாட்டுங்கள்.