தோட்ட டிஸ்பென்சரிகளை அரசாங்கம் எடுத்தால் போதுமா?

தலவாக்கலை வாசி:
இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கம்பனி நடத்தும் டிஸ்பென்சரிகளை (சிறு மருந்தகங்களை) மாகாண சுகாதாரத் திணைக்களம் முழுதாகப் பொறுப்பெடுக்க வேண்டும் என்கிறேன். 1912இல் வெள்ளைக்காரன் போட்ட மருத்துவத் தேவைகள் சட்டம் நம் நோயைத் தோட்டத் துரையின் கையில் விட்டது. 1972, 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறியும் நம் காய்ச்சல் தோட்டக் கணக்கிலேயே கிடக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராமத்து ஆளுக்கு அரசாங்கம் பொறுப்பு, இந்தப் பக்கம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆளுக்குக் கம்பனி பொறுப்பு என்றால் நாம் எந்த நாட்டுக் குடிமக்கள்? அரசாங்கம் பொறுப்பெடுப்பது தொண்ணூறுகளில் தொடங்கிய வேலை. இன்னும் முடியவில்லை.

பழைய ஸ்டாஃப்:
தம்பி, இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் யார் கதவைத் தட்டுவீர்கள்? தோட்ட வைத்தியரின் குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழுப்பினால் வருவார், லொறிக்குச் சொல்லிவிடுவார். அரசாங்கம் எடுத்த பிறகு நாலு மணிக்குப் பூட்டு விழும். நான் வேலை பார்த்த பக்கத்தில் அப்படி எடுத்த ஒரு கட்டடம் ஆள் போடாமலே கிடந்து தகரம் துருப்பிடித்துப் போனது. 1990 என்ற நம்பருக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மேல் பிரிவு ரோட்டில் அது ஏறாது. நோயாளியை ஃபெக்டரி வரைக்கும் நாம்தான் தூக்கி வரவேண்டும்.

பொகவந்தலாவை மகள்:
நீங்கள் இருவரும் கட்டடம் யாருக்கு என்று பேசுகிறீர்கள். என் அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்தாகிவிட்டது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குப் படிவம் நிரப்பினோம். தோட்ட வைத்தியர் அம்மாவை வருடக்கணக்காகப் பார்ப்பவர், ஆனால் அவர் கையெழுத்து செல்லாது, அரசாங்க டாக்டரின் கையெழுத்துதான் வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் கிராம சேவகர். அப்புறம் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். அவர் அன்று ஃபீல்டுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் லயத்திலிருந்து ரோடு வரை அம்மாவைத் தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை. கடைசியில் கையில் கொடுத்த படிவம் சிங்களத்தில். தமிழும் அரச கரும மொழிதானே? அம்மாவின் கிளினிக் கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறது. அதை ஏன் ஒருவரும் வாங்கிப் பார்ப்பதில்லை?

தலவாக்கலை வாசி:
அக்கா, நான் சொல்வதும் அதைத்தான். தோட்ட வைத்தியர் அரசாங்கத்தின் ஆள் இல்லை என்பதால்தானே இந்த அலைச்சல்?

குடும்ப நலம் (மருத்துவமாது):
ஒரு விஷயம் ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதைப் பாருங்கள். கர்ப்பிணிக்குக் கிராமத்தில் கொடுக்கும் அதே அட்டைதான் லயத்திலும். நாங்கள் வீட்டுக்கே போகிறோம், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) நிறை பார்க்கிறோம். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம், தோட்டம், ஆஸ்பத்திரி மூன்றும் அந்த ஒரே அட்டையைத்தான் பார்க்கின்றன. ஒரு காலத்தில் லயத்துக் காம்பராவில் பிரசவம். இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் அநேகமாக எல்லாரும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் முடிந்தது, சீனிக்கும் பிரஷருக்கும் ஏன் முடியாது? மாதத்தில் ஒரு நாள் டிஸ்பென்சரியில் கிளினிக் வையுங்கள். அரசாங்க டாக்டர், தமிழ் தெரிந்த சமூக சேவை உத்தியோகத்தர், கிராம சேவகர் எல்லாரும் அன்றைக்கே வரட்டும். அந்த அம்மாவின் படிவம் ஒரே மேசையில் முடிந்துவிடும்.

பழைய ஸ்டாஃப்:
மகளே, கிளினிக் நாள் நல்ல யோசனை. ஆனால் அன்று வரிசையில் நிற்பவருக்குப் பேர் போடுவது யார்? கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். டிஸ்பென்சரியை அரசாங்கத்துக்குக் கொடுத்த மறுநாளே “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று கம்பனி கையைக் கழுவிவிடும். லொறியும் நின்றுவிடும்.

பொகவந்தலாவை மகள்:
அப்படியானால் கிளினிக் நாளுக்கு முழுப் பேர், இரவில் லொறி, இரண்டையும் கையளிக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள் ஐயா. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இதையும் மேசையில் வைக்கட்டும்.

தலவாக்கலை வாசி:
ஒப்பந்தத்தில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்காக இன்னும் பத்து வருடம் காத்திருக்க முடியாது.

பழைய ஸ்டாஃப்:
காத்திருக்கச் சொல்லவில்லை. எழுதட்டும், ஆளையும் போடட்டும். இரவு நேரத்துக்கு ஒருவர் குவார்ட்டர்ஸில் குடிவந்த பிறகு சாவியைக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.