சேவையகம் மூடினாலும் கணக்கு நிலைக்க எந்த நெறிமுறை ஏற்றது?

கேள்வி (தெம்பனிஸ்):
எங்கள் வட்டாரத் தமிழ் வாசகர் வட்டத்தின் கணக்கு பலர் தனித்தனியே நடத்தும் சேவையகங்களால் ஆன மாஸ்டடான் சமூக வலைத்தளத்தில், ஒரு சிறிய சேவையகத்தில் இருந்தது. தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் அது நின்றுபோனது. நடத்தியவர் இரண்டு வாரங்களுக்கு முன்பே அறிவித்திருந்தும், கணக்கைக் கவனித்த தொண்டூழியருக்கு அப்போது தேர்வு இருந்ததால் நாங்கள் எவரும் பார்க்கவில்லை. இறக்கி வைத்திருந்த ஜிப் கோப்பில், அவுட்பாக்ஸ் என்ற பெயரில் பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. புதிய கணக்கில் அவற்றை ஏற்ற முடியவில்லை. பின்தொடர்ந்தவர்களையும் இழந்துவிட்டோம். ஏடி புரோட்டோகால் (புளூஸ்கை சமூக வலைத்தளம் பயன்படுத்துவது), நாஸ்டர் ஆகிய வேறு நெறிமுறைகளில் இந்த நிலை வராது என்கிறார்கள். மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும் கணக்குக்கு எது பொருந்தும்?

மறுமொழி (ஜூரோங்):
மாஸ்டடானில் பழைய பதிவுகளை ஏற்றும் வசதியே இல்லை. உங்கள் கைப்பிழை அன்று. அது பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. அதில் உங்கள் முகவரி சேவையகத்தின் டொமைனோடு (இணையப் பெயரோடு) பிணைந்தது. இடம் மாறும்போது, பின்தொடர்பவர்களின் சேவையகங்களுக்குப் பழைய சேவையகம்தான் 'மூவ்' என்ற செய்தியை அனுப்ப வேண்டும். அதுவே அணைந்தபின் அனுப்ப ஆளில்லை.

ஏடி புரோட்டோகாலில் அடையாளம் வேறு, இருப்பிடம் வேறு. டிஐடி என்ற மாறாத அடையாளம் உங்களுடையது. தரவு எந்தச் சேவையகத்தில் இருக்கிறது என்பதை அதன் ஆவணம் சொல்கிறது. டொமைன் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி என்ற உரைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தால் வட்டத்தின் சொந்த டொமைனே கணக்கின் பெயராகும். உங்கள் பதிவுகள் மின்கையொப்பமிட்ட களஞ்சியமாக 'கார்' கோப்பில் இறங்கும், படங்களைத் தனியே எடுக்க வேண்டும். ஆனால் அந்த ஆவணத்தை மாற்றும் சாவி (நீண்ட ரகசியக் குறியீடு) வழக்கமாகச் சேவையகத்திடமே இருக்கும். உங்கள் சாவி ஒன்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்தால்தான், சேவையகம் சொல்லாமல் மறைந்தாலும் வேறிடத்தில் எழுந்து நிற்க முடியும். பின்தொடர்பவர்களும் உங்களுடனேயே இருப்பார்கள்.

மறுமொழி (செங்காங்):
நாஸ்டரில் கணக்கு என்பதே ரகசியச் சாவி, பொதுச் சாவி என்ற ஓர் இணைதான். பதிவுகளை ரிலேகள் எனப்படும் பல சேவையகங்களுக்கு அனுப்புவதால் ஒன்று மூடினாலும் மற்றவற்றில் கிடைக்கும். தனி மனிதருக்கு அது எனக்குப் பிடித்த வடிவமைப்பு. உங்களுக்கு வேண்டாம் என்பேன். மூவரும் ஒரே ரகசியச் சாவியை வைத்திருந்து ஒருவர் விலகினால், கடவுச்சொல்லைப் போல அதை மாற்ற முடியாது. ஜூரோங் நண்பர் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஏடி புரோட்டோகாலில் பெரும்பாலான டிஐடிகள், புளூஸ்கை நிறுவனம் உருவாக்கிய பிஎல்சி என்ற ஒரே பதிவேட்டைச் சார்ந்தவை. அது உறுத்தினால், சொந்த டொமைனில் மாஸ்டடானை மாதக் கட்டணத்துக்கு நடத்தித் தருபவரை அமர்த்துங்கள். நடத்துபவர் மாறினாலும், தரவுத்தளத்தின் நகல் கையில் இருந்தால் முகவரி மாறாது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மாதக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் ஏடி புரோட்டோகாலுக்கே செல்கிறோம். டொமைனைத் தொண்டூழியர் பெயரில் அல்லாமல் வட்டத்தின் பெயரில் வாங்கி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொரு படி கொடுக்கிறோம். கார் கோப்பை மாதந்தோறும் கூட்டத்தன்று இறக்குவோம்.